தூத்துக்குடி முதல் இடையன்குடி வரை: கடலோரத்தில் இரண்டு நாள்

திருநெல்வேலியிலிருந்து கிளம்புகிறவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைத்து, உச்சிவெயிலில் மணப்பாடு என்ற கடற்கரை ஊரில் போய் நிற்பார்கள். மணல் கொதிக்கும், குன்றில் கால் வைக்க முடியாது. அதனால் தூத்துக்குடியில் தொடங்கித் தெற்கே இறங்குங்கள். இரவு திருச்செந்தூரில் தங்கி, மணப்பாட்டை மறுநாள் காலைக்கு வையுங்கள்.

தையும் மாசியும்தான் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். அது மார்கழி வரை நீள்வதும் உண்டு: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, ரயிலும் சாலையும் துண்டித்துப்போயின. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று மணலை வாரி இறைக்கும். திருச்செந்தூர் கந்தசஷ்டிக்கும் குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கும் அறை கிடைப்பது கஷ்டம்.

தூத்துக்குடிக்கு அரை நாள் போதும். பனிமய மாதா கோவிலின் இப்போதுள்ள கட்டடம் 1713இல் அர்ச்சிக்கப்பட்டது, அதாவது புனிதப்படுத்தித் திறக்கப்பட்டது. போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1750இல் கட்டிய தேவாலயம் கிரேட் காட்டன் ரோட்டில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், கட்டிய கைகள் வேறு என்பது தெரியும். மக்ரூன் வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி சேர்ந்த பண்டம் அது. கடல்காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் பிசுபிசுத்துவிடும்.

திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு சுமார் 18 கி.மீ. பஸ் ஊருக்குள் போகுமா, ரோட்டிலேயே இறக்கிவிடுமா என்று கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்குள் சேருங்கள். குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோவில் 1581ஐச் சேர்ந்தது. கடலைப் பார்த்த சரிவில் கிறிஸ்தவ மறைபோதகர் புனித சவேரியார் தங்கிய குகை இருக்கிறது. அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542இல். குகைக்குள் உள்ள கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது, அலையோ எட்டும் தூரத்தில். மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட லேசானது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. திருச்செந்தூர்க் கோவில் பக்கத்து நன்னீர்க் கிணறான நாழிக்கிணற்றுக்கும் இதே காரணம்தான்.

குளிக்க ஆசைப்பட்டால் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் மட்டும் இறங்காதீர்கள். ஓதம் (ஏறிய கடல்மட்டம்) வடியும்போது நீர் குறுகலான வாயில் பாய்ந்து வெளியேறும், நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும். வலை உலர்த்தும் அண்ணாச்சிமாரிடம் இடம் கேட்டு இறங்குங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் கூடும்.

பங்குனி, சித்திரையில் போனால் பதநீரைக் காலையிலேயே ஓலைப்பட்டையில் குடித்துவிடுங்கள். கலயத்தில் தடவிய சுண்ணாம்புதான் அதைப் புளிக்காமல் வைத்திருக்கிறது, வெயில் ஏறினால் ருசி மாறும். உடன்குடிக் கருப்பட்டி வாங்கும்போது ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனிபோல் மினுங்கினால் வேண்டாம்.

திரும்பும் வழி உவரி, இடையன்குடி, திசையன்விளை. இடையன்குடியில் தமிழறிஞர் பிஷப் கால்டுவெல் கட்டிய தேவாலயம் முடிய 33 ஆண்டுகள் ஆயின, 1880இல் திறந்தார்கள். அவர் அடக்கமானதும் அதற்குள்ளேதான். நின்று பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பிற்பகல் மூன்றுக்குக் கிளம்பினால் இருட்டுமுன் திருநெல்வேலி சேர்ந்துவிடலாம்.