உருண்டை எழுத்தில் கேக் லேபிள் செய்வது எப்படி?

வெள்ளவத்தையில் அக்கா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறா. "பெட்டியைப் பார்த்தவுடன சாப்பிடோணும் போல இருக்கவேணும், தம்பி" என்று லேபிள் கேட்டா. அந்த லேபிளை வைத்தே சொல்லித் தருகிறேன்.

முதலில் உருண்டை எழுத்துருவை அடையாளம் காணுங்கள். ஆங்கில ஓ எழுத்தைப் பெரிதாக்கினால் கவராயத்தால் கீறிய வட்டம் போலத் தெரியவேண்டும். எல், டி போன்றவற்றின் நுனி வெட்டுப்படாமல், மார்க்கரால் இழுத்த கோடு போல மழுங்கியிருக்கும். ஃபொக்ஸ்வேகனுக்காக 1979இல் வந்த வாக் ரவுண்டட் இந்த இனம்தான். பழைய அப்பிள் கீபோட்களில் இருந்ததும் அதுவே. கூர்முனை இல்லாததால் சிநேகமாகத் தெரியும். கேக், பாலர் பாடசாலை, குழந்தை உடுப்புக்கு நல்லது. கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் மட்டும் போட்டுவிடாதீர்கள்!

அடுத்து, கூகுள் ஃபொன்ட்ஸில் குவிக்சான்ட் என்ற உருண்டை ஆங்கில எழுத்துருவை இறக்குங்கள். இலவசம், வியாபாரத்துக்கும் பாவிக்கலாம். ஸிப்பைப் பிரித்து, ஃபைலில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்டோல் கொடுத்தால் சரி. 300 முதல் 700 வரை தடிப்பு உண்டு. லேபிளுக்கு 700 எடுங்கள். மெல்லியது பெட்டியில் மறைந்துபோகும்.

இனித்தான் உண்மையான வேலை. குவிக்சான்டில் தமிழ் கிடையாது. அப்படியே தமிழில் தட்டினால், விண்டோஸ் தன்பாட்டில் நிர்மலா போன்ற வேறொரு எழுத்துருவைப் போட்டுவிடும், இரண்டும் ஒட்டாது. தமிழுக்கு பலூ தம்பி 2 எடுத்தேன். அதுவும் கொழுத்த, முனை மழுங்கிய எழுத்து. பொயின்ட் அளவை நம்பாதீர்கள். தமிழ் 'க'வையும் ஆங்கிலச் சின்ன எக்ஸையும் பக்கத்தில் வைத்து, உயரமும் கோட்டுத் தடிப்பும் கண்ணுக்கு ஒத்துவரும்வரை ஒன்றைக் கூட்டிக் குறையுங்கள்.

'கொழும்பு' என்று அடித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் அழகுக்காக எழுத்திடைவெளியைக் கூட்டுவோமே, அதைத் தமிழில் செய்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக 'கொ' மூன்று துண்டாகிவிடும். இடைவெளியைப் பூச்சியத்திலேயே விடுங்கள். இரண்டு வரி வந்தால் வரியிடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். இல்லாவிட்டால் மேல்வரி 'ழு'வின் வால் கீழ்வரி 'கி'யின் சுழியில் முட்டும்.

சேர்மானப் பட்டியலுக்கு உருண்டை எழுத்து வேண்டாம். சின்ன அளவில் ஆங்கில ஓ, சி, ஈ எல்லாம் ஒரே வளையமாகத் தெரியும். அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற சாதாரண எழுத்துரு போதும்.

கடைசியாக, பிரின்ட்டுக்கு அனுப்பமுன் எழுத்தைக் கோட்டுருவமாக்குங்கள், அதாவது வெறும் வடிவமாக மாற்றுங்கள். அப்போது அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இன்க்ஸ்கேப்பில் 'ஒப்ஜெக்ட் டு பாத்', இலஸ்ட்ரேட்டரில் 'கிரியேட் அவுட்லைன்ஸ்'. நான் இதை மறந்து புறக்கோட்டையில் ஒரு அச்சகத்துக்குக் கொடுத்தேன். அவர்களிடம் யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினிதான் இருந்தது. என் யூனிகோட் தமிழ் வரிசையாகச் சதுரப் பெட்டிகளாக வந்து நின்றது. மாற்றியபின் திருத்த முடியாது, ஆகவே மூல ஃபைலில் ஒரு கொப்பி எடுத்து வையுங்கள். அக்கா அடுத்த கிழமையே ஃபோன் நம்பரை மாற்றினா.