பிள்ளை பியானோ வகுப்புக்குத் தயாரா? வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்

"டீச்சர், பையனுக்கு அஞ்சு வயசாயிடுச்சு, சேத்துக்குவீங்களா?"

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலேயே பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். வயதை மட்டும் வைத்து நான் பதில் சொல்வதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் தயாராகிவிடுகிறார்கள். ஐந்திலேயே அழகாக உட்கார்ந்து கற்றுக்கொள்கிற பிள்ளையும் உண்டு. எட்டு வயதிலும் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்று தோன்றும் பிள்ளையும் உண்டு.

பத்துப் பிள்ளைகள் சேர்ந்து பாடி ஆடுகிற வகுப்பில் ஒன்று பாதி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பாதகமில்லை. தனி வகுப்பு அப்படியல்ல. அரை மணி நேரமும் ஒரு பெரியவருடைய கண் அந்த ஒரு பிள்ளை மேலேயே இருக்கும். திருத்தமும் அந்த ஒரு பிள்ளைக்குத்தான். ஆகவே நான் முதலில் பார்ப்பது திறமையை அல்ல. "இன்னொரு தரம்" என்று சொன்னால் பிள்ளை என்ன செய்கிறது என்பதைத்தான்.

முதல் நாள் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் மூன்று சுரம் வாசித்துக் காட்டுவேன். பிள்ளை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மூன்றையும் குத்தும். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்யும். "நல்லா இருக்கு கண்ணு. இப்ப ரெண்டாவது, மூணாவது, நாலாவது விரலால இன்னொரு தரம்" என்பேன். பியானோவில் கட்டைவிரல்தான் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து, இரண்டு கைக்கும் அதே கணக்கு. சில பிள்ளைகள் நான் சொல்லி முடிப்பதற்குள் விரலை எண்ணிப் பார்த்து வைத்துவிடுவார்கள். தப்பாக வந்தாலும் தாங்களாகவே மறுபடி வைப்பார்கள். சில பிள்ளைகளுக்கு முகம் வாடிவிடும். கையை மடியில் ஒளித்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைக்குத் திறமை இல்லை என்று அர்த்தமில்லை. முதல் தடவை சரியாக வராததைத் தன் குற்றமாக எடுத்துக்கொள்கிற வயது இன்னும் கடக்கவில்லை, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் மாறிவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஷூ லேஸ் கட்டும்போது, பெயர் எழுதும்போது, "இன்னொரு தரம் செய்து பாரு" என்று சொல்லுங்கள். பெரும்பாலான நாட்களில் அழாமல் திரும்ப முயன்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்தது தாளம். ஃபோனில் கேட்ட சினிமாப் பாட்டைப் பிள்ளை அப்படியே பாடுகிறது என்று பெற்றோர் பெருமையாகச் சொல்வார்கள். சந்தோஷம்தான். ஆனால் கோயில் பஜனையில் எல்லோரும் தட்டும்போது அந்தப் பிள்ளையின் கை எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். தெரிந்த பாட்டைச் சேர்ந்து பாடித் தட்டுங்கள். நடுவில் நீங்கள் பாடுவதை நிறுத்திவிடுங்கள். பிள்ளையின் தட்டு அதே வேகத்தில் நாலைந்து தட்டாவது தொடர்ந்தால் போதும்.

கை சின்னதாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். வெள்ளைக் கட்டை ஒன்று ஏறத்தாழ இரண்டேகால் சென்டிமீட்டர் அகலம். ஆரம்பப் பாடங்கள் ஐந்து கட்டைக்குள் அடங்கிவிடும், அதற்கு ஐந்து வயதுக் கை போதும். விரல்கள் தனித்தனியாக அசைகின்றனவா என்பதுதான் முக்கியம். மேஜையில் கையை வைத்து, மற்றவை தூங்க ஒரு விரலை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். நாலாவது விரல் எல்லோருக்கும் முரண்டு பிடிக்கும், அதை விட்டுவிடுங்கள்.

புத்தகத்தைச் சரளமாகப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. சுரங்களுக்குப் பெயராக வரும் ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்தும், இடது வலதும், ஐந்து வரை எண்ணவும் தெரிந்தால் போதும்.

பள்ளிக்கூடத்தில் கிரேடு ஒன், அதாவது ஒன்றாம் வகுப்பு, சேர்ந்த ஜனவரியிலேயே பியானோவையும் ஆரம்பிக்காதீர்கள். புதுச் சீருடை, புது டீச்சர், வாசிக்கக் கற்பது, சனிக்கிழமை தமிழ் வகுப்பு, இடையில் தைப்பூசக் காவடி என்று பிள்ளை ஏற்கெனவே களைத்திருக்கும். ஜூலையில் மூன்றாம் தவணை தொடங்கும்போது சேர்ப்பது எவ்வளவோ மேல்.

பிள்ளை மட்டும் தயாரானால் போதாது, பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். தினம் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். அம்மாவும் அப்பாவும் டவுனில் வேலை முடிந்து வர இருட்டிவிடும் வீடுகளில் ஆயாதான், அதாவது பாட்டிதான், அந்த ஆள். இசை தெரியாத ஆயாக்கள் வளர்த்த நல்ல மாணவர்கள் என்னிடம் இருக்கிறார்கள். "டீச்சர் என்ன சொன்னாங்க? ஆயாவுக்கு வாசிச்சுக் காட்டு" என்று கேட்டால் போதும். அப்படி யாருமே இல்லையென்றால், ஆள் கிடைக்கும்வரை பொறுங்கள். உங்கள் காசு வீணாவதைவிட, பயிற்சி இல்லாமல் வாராவாரம் தலைகுனிந்து வருகிற பிள்ளையைப் பார்ப்பதுதான் எனக்கு வருத்தம்.

வாத்தியத்துக்கு அவசரப்பட வேண்டாம். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைகிற கீபோர்டு முதல் சில மாதங்களுக்குப் போதும். பிறகு, கட்டைகள் நிஜப் பியானோ மாதிரி கனமாக இருக்கும் 88 கட்டை டிஜிட்டல் பியானோ வாங்கலாம். இலவசமாகத் தருகிறார்கள் என்று பழைய பியானோவைக் கொண்டுவந்துவிடாதீர்கள். நம் கடற்காற்றின் ஈரத்தில் கம்பி துருப்பிடிக்கும், கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். பியானோ டியூன் செய்பவரை அழைத்துப்போய்க் காட்டிவிட்டு முடிவெடுங்கள். எந்த வாத்தியமானாலும் உட்காரும் பிள்ளையின் கால் தொங்கக்கூடாது. காலுக்கு ஒரு மணைப்பலகை போடுங்கள்.

யூனிசா என்கிற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் இசைப் பரீட்சையா, லண்டன் இசைப் பரீட்சையா என்று முதல் வருடத்தில் கேட்கவே வேண்டாம்.

சேர்க்கும்போது ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தொடரலாமா என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிள்ளை சாப்பிட்டு இளைப்பாறிய மூன்று மணி வாக்கில் நேரம் கேளுங்கள். பசியும் தூக்கமும் கலந்த ஐந்தரை மணியில் எந்தப் பிள்ளையையும் எடைபோட முடியாது. முதல் வகுப்புகளில் அறைக்குள் உட்காருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள். ஒரு மாதம் கழித்தும் வாசலிலேயே அழுதால் நிறுத்திவிடுங்கள். "உனக்கு வரலை" என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். "கொஞ்சம் வளர்ந்ததும் போகலாம்" என்று சொல்லி, அடுத்த தவணையில் மறுபடி கேட்டுப் பாருங்கள்.