மொனிற்றரின் வயதை மொனிற்றரிடமே கேளுங்கள்

மாங்குளத்தில் என் கடையில் கொம்பியூட்டர் திருத்துவதைவிட அதிகம் நடப்பது அச்சு வடிவமைப்புத்தான். கலியாணக் காட், சாமத்தியவீட்டு அழைப்பிதழ், பனர், 31ஆம் நாள் நினைவு மலர். அழைப்பிதழில் சிவப்புக் கொஞ்சம் கூடினால் யாரும் கேட்பதில்லை. நினைவு மலரில் ஐயாவின் முகம் கறுத்து வந்தால் கேட்பார்கள்; கேட்கவும் வேண்டும். அப்படிக் கறுப்பதற்குப் பிரிண்டரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். போய்ப் பார்த்தால் மொனிற்றர் வெளிச்சம் 100இல் நிற்கும். அந்த வெளிச்சத்தில் இருட்டான படமும் பளிச்சென்று தெரியும். கடதாசிக்குள் விளக்கு இல்லையே.

இதைச் சரிசெய்ய மொனிற்றரின் அடியில் இருக்கும் பட்டன்களோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. கணினிக்கும் மொனிற்றருக்கும் இடையே கேபிளில் படம் மட்டும் போவதில்லை, பேச்சும் நடக்கிறது. செருகியவுடனேயே மொனிற்றர் தன் கம்பனி, மொடல், தொடர் எண், சரியான திரை அளவு, செய்யப்பட்ட ஆண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும். அந்தக் குறிப்புக்கு ஈடிஐடி என்று பெயர். அதே வழியால் கணினியும் திருப்பிப் பேசலாம்: வெளிச்சத்தைக் குறை, நிறத்தை மாற்று என்று. அதுதான் டிடிசி சிஐ. பெரும்பாலான மேசை மொனிற்றர்களில் இது உண்டு. ஆனால் மொனிற்றரின் சொந்த மெனுவில் அது ஓஃப் ஆகி இருக்கலாம். முதலில் அங்கே போய் ஓன் செய்துவிட்டு வாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் பக்கம் புதுப் பெட்டி உடைத்து மொனிற்றர் வாங்குகிறவர்களைவிட, கொழும்பில் இருந்து வரும் பாவித்த மொனிற்றரை வாங்குகிறவர்களைத்தான் நான் கூடக் காண்கிறேன். விற்க வந்த ஒருவர் அப்படியான ஒன்றை என்னிடம் கொண்டுவந்து, “ஒரு வருசம்தான் அக்கா பாவிச்சது, பெட்டி மட்டும்தான் இல்லை” என்றார். “சரி தம்பி, அதையே கேட்டுப் பார்ப்பம்” என்று கேபிளைச் செருகினேன். 2013ஆம் ஆண்டு என்று வந்தது. கேட்ட விலையில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டார்.

இதற்கு நான் பாவிப்பது நிர்சொஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘மொனிற்றர் இன்ஃபோ வியூ’. நிறுவ வேண்டியதில்லை, பென் டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம். திறந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் உற்பத்தி வாரமும் ஆண்டும் இருக்கும். ஒரு கவனம்: அந்தக் கணினியில் முன்பு செருகிய பழைய மொனிற்றர்களும் பட்டியலில் நிற்கும். ‘அக்டிவ்’ என்ற இடத்தில் ‘யெஸ்’ இருக்கும் வரிதான் உங்கள் முன்னால் இருப்பது. தொடர் எண்ணைப் பின்பக்க ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் உள்ளே இருக்கும் சேர்க்கிட் போர்டை மாற்றியிருக்கலாம்.

வயதைவிட முக்கியம் ஓடிய மணித்தியாலம். அதே தளத்தின் ‘கொன்ட்ரோல் மை மொனிற்றர்’ வின்டோஸ் விஸ்டாவில் இருந்தே வேலை செய்யும், ஆகவே பழைய கணினியும் பரவாயில்லை. திறந்து, மேலே உங்கள் மொனிற்றரைத் தெரிவுசெய்தால் நீளமான பட்டியல் ஒன்று வரும். அதில் சி0 என்ற வரி, பாவனை நேரம். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 2,400. ஆகவே 20,000 என்று காட்டினால் எட்டு வருடத்துக்கு மேல் அலுவலக வேலை பார்த்த திரை அது. எல்ஈடி பின்விளக்குகள் 30,000 முதல் 50,000 மணித்தியாலத்தில் வெளிச்சம் பாதியாகும் என்றுதான் பொதுவாகக் கணக்கு. அதற்காக 20,000 கெட்டது என்றில்லை. விலை பேச ஓர் ஆதாரம். எல்லா மொனிற்றரும் இதைச் சொல்லாது. சிலது 0 என்று சும்மா நிற்கும், சிலதில் அந்த வரியே இருக்காது. அப்படியானால் முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்புப் படங்களைப் பெயின்டில் செய்து, முழுத்திரையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்ணால் பாருங்கள். செத்த புள்ளி வெள்ளையில் தெரியும். ஓரத்தில் கசியும் வெளிச்சம் கறுப்பில் தெரியும், அதற்கு அறையை இருட்டாக்க வேண்டும்.

அதே பட்டியலில் 10 என்ற வரி வெளிச்சம், 12 கொன்ட்ராஸ்ட். வரியின் மேல் இரண்டு தரம் கிளிக் செய்து எண்ணை மாற்றலாம். 16, 18, 1ஏ மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். இவற்றைத் தொட முன்னர் மொனிற்றரின் மெனுவில் நிறத்தை ‘யூசர்’ நிலைக்கு மாற்றினால்தான் பல மொனிற்றர்கள் கேட்கும். பழைய திரை மஞ்சளித்திருந்தால் நீலத்தைக் கூட்டப் பார்க்காதீர்கள், அது பெரும்பாலும் ஏற்கெனவே உச்சத்தில்தான் நிற்கும். சிவப்பையும் பச்சையையும் கொஞ்சம் இறக்குங்கள்.

மூன்று வரிகளில் விளையாட வேண்டாம். 04 எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்விடும். 60 உள்ளீட்டை மாற்றும். எச்டிஎம்ஐயில் இருந்து விஜிஏக்குத் தாவினால் திரை கறுத்துவிடும், பிறகு பட்டனைத் தேட வேண்டியதுதான். டி6 மின்நிலை. அதில் அணைத்த சில மொனிற்றர்கள் மென்பொருளால் திரும்ப எழும்பாது. எதையும் தொட முன்னர் ஃபைல் மெனுவில் இப்போதைய அமைப்பைச் சேமித்து வையுங்கள். கடைக்கு வந்து இருக்கும் பொடியங்கள் எதையாவது கிண்டினாலும் பழையதை அப்படியே திரும்ப ஏற்றலாம்.

அச்சு வேலைக்கு என் வழி இது. வேர்டில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, பிரிண்டரில் போடும் அதே தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஏறத்தாழ ஒன்றாகும்வரை 10ஆம் வரியை இறக்குகிறேன். என் மொனிற்றரில் அது 40க்குக் கீழே வருகிறது, உங்களுடையதில் வேறாக இருக்கும். இரவில் திரையை மஞ்சளாக்கும் வின்டோஸின் ‘நைட் லைட்’ ஓஃப் ஆகி இருக்க வேண்டும். அது ஓனில் இருக்கும்போது நிறம் பார்ப்பது வீண் வேலை.

அன்றாடப் பாவனைக்கு வின்டோஸ் 10, 11இல் ‘ட்விங்கிள் ட்ரே’ போதும். மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் இலவசம். டாஸ்க்பாரில் ஒரு சின்ன ஐகன் வந்து உட்காரும், அதைக் கிளிக் செய்தால் வெளிச்சக் கோடு வரும், நேரத்துக்கு நேரம் தானாக மாறவும் வைக்கலாம். என் கடை வாசல் கிழக்குப் பார்த்தது. காலையில் ஏ9 வீதி வெயில் நேரே உள்ளே வரும், அப்போது 80. பத்துமணிக்குப் பிறகு 50. மாலையில் 30. ஒரு நாளைக்கு நாலைந்து மாற்றம் போதும். நிமிடத்துக்கு ஒரு தரம் மாறும்படி வைக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் மொனிற்றர் தன் நினைவகத்தில் எழுதக்கூடும், அந்த நினைவகத்துக்கு எழுதும் எல்லை ஒன்று உண்டு.

வெளிச்சம் குறைக்கும் மென்பொருள் என்று கிடைப்பதெல்லாம் ஒன்றல்ல. சிலது படத்தின் மேல் கறுப்புத் திரை போடுவதோடு சரி, பின்விளக்கு முழுதாக எரிந்துகொண்டே இருக்கும். நிழல் விபரங்களும் போகும், கரண்டும் மிஞ்சாது. 2022இல் மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது யூபிஎஸ்ஸோடு மாரடித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும். பின்விளக்கை இறக்கினால்தான் யூபிஎஸ் கூட நேரம் தாக்குப்பிடிக்கும். ஸ்கிரீன் சேவரும் அப்படித்தான்: மீன் நீந்தினாலும் விளக்கு எரிகிறது. ஐந்து அல்லது பத்து நிமிடத்தில் திரை அணையும்படி பவர் செற்றிங்கில் வையுங்கள்.

மென்பொருள் மொனிற்றரையே காணவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். கடையில் நான் காணும் முறைப்பாடுகளில் அதிகம் இதுதான். விஜிஏயில் பேச்சு நடப்பது 12ஆம், 15ஆம் ஊசிகளில். மலிவுக் கேபிள்களில் அவை இருக்காது, அல்லது வளைந்து உள்ளே போயிருக்கும். படம் வரும், ஆனால் வின்டோஸ் ‘ஜெனரிக் நொன் பிஎன்பி மொனிற்றர்’ என்று காட்டும், திரை அளவும் 1024க்கு 768ஓடு நின்றுவிடும். 9ஆம் ஊசி இல்லாதது மட்டும் பிழையல்ல, பல நல்ல கேபிள்களிலும் அது இல்லை. எச்டிஎம்ஐயை விஜிஏயாக மாற்றும் சின்ன அடப்டர்கள் சில ஈடிஐடியைப் போகவிட்டு, கட்டளையை மட்டும் தடுக்கும். டிவியை மொனிற்றராகப் பாவிப்பவர்கள் இதில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், பெரும்பாலான டிவிகள் இந்தப் பேச்சுக்கு வராது. லப்டொப்பின் சொந்தத் திரைக்கும் இது பொருந்தாது, அதன் வெளிச்சம் வேறு வழியால் போகிறது. அங்கே கீபோர்டில் இருக்கும் சூரியப் படம் போட்ட கீயே போதும். அது வேலை செய்யவில்லை என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரை முதலில் பாருங்கள்.