பிளேஸ்மென்ட் சதவீதம் மட்டும் போதாது: பயிற்சித் திட்டங்களை அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசின் திறன் பயிற்சித் திட்டங்களை மதிப்பீடு செய்யப் புதிதாக வருபவர்களின் அறிக்கைகள் என் மேசைக்கு வருகின்றன. தொடக்கத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள், கிட்டத்தட்ட அதே வரிசையில். கூட்டல் தப்பு, விடுபட்ட பதிவு எண் எல்லாம் மேலதிகாரியே பிடித்துவிடுவார். யார் கண்ணிலும் படாமல் நழுவிப் போகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

எத்தனை பேரில் எத்தனை பேர்?

பதிவு செய்தவர், பயிற்சியை முடித்தவர், சான்றிதழ் வாங்கியவர் மூன்றும் மூன்று எண்கள். வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கையைப் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். இல்லையென்றால் பாதியில் நின்றவர்கள் கணக்கிலேயே இல்லாமல் போவார்கள்.

ஆஃபர் லெட்டர்

ஒரு சென்டரின் ஃபைலைப் புரட்டியபோது எல்லா ஆஃபர் லெட்டரிலும் ஒரே தேதி, ஒரே சம்பளம். பெயர் வரும் இடத்தில் மட்டும் எழுத்து வேறு மாதிரி இருந்தது. அதிலிருந்த ஒரு பெண்ணுக்கு போன் செய்தேன். "அந்தக் கம்பெனிக்கு நான் போனதே இல்லைங்க சார். வீட்டுலயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன்" என்றார். சம்பாதிக்கிறார், ஆனால் அந்தச் சம்பாத்தியம் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் இல்லை. இல்லாத வேலைதான் கட்டத்தில் இருக்கிறது. சம்பள ரசீதையும் வங்கிக் கணக்கு வரவையும் பாருங்கள், சுயதொழிலுக்குத் தனிக் கேள்வி வையுங்கள்.

பயிற்சி இல்லாமலே கிடைத்திருக்காதா?

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான்.

ஒரு கணக்குக்கு, ஓசூரில் ஒரு சென்டர், ராமநாதபுரம் மாவட்டத்து உள்கிராமத்தில் ஒரு சென்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓசூரில் 100 பேரில் 85 பேருக்கு வேலை, ராமநாதபுரத்தில் 45 பேருக்கு. ஓசூருக்குப் பாராட்டு, மற்றதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். ஆனால் ஓசூரில் சேர்ந்தவர்கள் டிப்ளமோ முடித்த பையன்கள். பயிற்சிப் பக்கமே வராவிட்டாலும் 80 பேர் சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனியில் சேர்ந்திருப்பார்கள். ராமநாதபுரத்தில் பயிற்சி இல்லாமல் 15 பேருக்குத்தான் கிடைத்திருக்கும். அரசுப் பணத்தால் கூடுதலாகக் கிடைத்த வேலை ஓசூரில் 5, ராமநாதபுரத்தில் 30.

கேடு அதோடு நிற்பதில்லை. கிராமப்புற இளைஞர்களுக்கான மத்திய அரசின் பயிற்சித் திட்டமான தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா யோஜனா 2014இல் தொடங்கியபோது, பயிற்சி பெற்றவர்களில் குறைந்தபட்சம் இத்தனை சதவீதம் பேரையாவது வேலையில் அமர்த்த வேண்டும் என்று விதி வைத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால் சென்டர்கள் சேர்க்கையிலேயே வடிகட்ட ஆரம்பிக்கும். பத்தாவது தேறாதவருக்கும் கைக்குழந்தையோடு வந்த பெண்ணுக்கும் "இந்த பேட்ச் ஃபுல், அடுத்த மாசம் வாங்க" என்ற பதில்தான் கிடைக்கும். திட்டம் போட்டதே அவர்களுக்காகத்தான்.

அமெரிக்கா இதை முன்பே பார்த்துவிட்டது. 1982இல் வந்த வேலைப் பயிற்சிச் சட்டமும் வேலைவாய்ப்பு இலக்கு வைத்து ஊக்கத்தொகை கொடுத்தது. 1980களின் கடைசியில் 16 இடங்களில் சுமார் 20,000 விண்ணப்பதாரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் பயிற்சி, மற்றவர்களுக்கு இல்லை. 30 மாத வருமானத்தை ஒப்பிட்டபோது, வயதுவந்த பெண்களுக்குப் பலன் தெரிந்தது, இளைஞர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சென்டர்கள் காட்டிய உடனடி எண்களுக்கும் உண்மையான பலனுக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதைப் பின்னர் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் காட்டினார்கள்.

'பயிற்சிக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு' என்று ஒப்பிடுவதும் இதே குழிதான். வேலை போனவர், வருமானம் சரிந்தவர்தான் பயிற்சிக்கு வருகிறார். அந்தச் சரிவு எப்படியும் கொஞ்சம் மீளும். பொருளாதார அறிஞர் ஆஷன்ஃபெல்டர் 1978லேயே இதைக் காட்டிவிட்டார். தானாக மீண்டதையும் பயிற்சியின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

குலுக்கல் எல்லாம் நம் ஊரில் நடக்காது என்பார்கள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வருகிற சென்டரில் எப்படியும் சிலரைத் திருப்பி அனுப்பத்தான் போகிறீர்கள். தகுதியுள்ளவர்களைக் குலுக்கிப் போட்டு அனுப்புங்கள், இடம் கிடைக்காதவர்களின் போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். அதுவும் முடியாதென்றால், அதே ஊரில் அதே வயது, அதே படிப்பு உள்ளவர்களை விசாரித்து அவர்களோடு ஒப்பிடுங்கள். குலுக்கல் அளவுக்குத் துல்லியம் வராது, ஆனால் ஒப்பீடே இல்லாத அறிக்கையைவிட எவ்வளவோ மேல்.

கடைசி நாளில் அளப்பது

வேண்டாம். வேலைப் பயிற்சி பற்றிய அமெரிக்காவின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி முடிந்த பின் இரண்டாம் காலாண்டிலும் நான்காம் காலாண்டிலும் வேலையில் இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறது. நம் பிள்ளைகள் பலர் வெளியூர் ஹாஸ்டல் சாப்பாடும் நைட் ஷிஃப்ட்டும் ஒத்துவராமல் இரண்டாம் சம்பளத்துக்கு முன்பே ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஏன் திரும்பினார்கள் என்பதையும் எழுதுங்கள்.

போன் எடுக்காதவர்கள்

'வேலையில் இருக்கிறார்' என்று எழுதவும் கூடாது, பட்டியலிலிருந்து நீக்கவும் கூடாது. அவர்களுக்குத் தனி வரிசை போடுங்கள். பெண்கள் கொடுத்த நம்பர் பல நேரம் அண்ணனுடையதாகவோ கணவருடையதாகவோ இருக்கும். அவர் சொல்லும் பதிலை வாங்கிக்கொண்டு வைத்துவிடாதீர்கள். அந்தப் பெண் எப்போது வீட்டில் இருப்பார் என்று கேட்டு, மறுபடி அழைத்து அவரிடமே பேசுங்கள்.