எரிகல் பார்க்கப் போகிறீர்களா? நிலா விஷயத்தில் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

எரிகல் பொழிவு என்றதும் எல்லோரும் தேதியைக் குறித்துக்கொள்கிறார்கள். பெர்சீட் என்ற பொழிவு உச்சம் தொடுவது ஆகஸ்ட் 12, 13, ஜெமினிட் பொழிவு டிசம்பர் 13, 14. சரி, ஆனால் அன்றைக்கு நிலா எப்போது உதிக்கிறது, எப்போது மறைகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நிலா வெளிச்சத்தில் மங்கலான எரிகற்கள் தெரியாது, பாதிப் பேர் ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

போன வருஷம் நன்றாகத் தெரிந்தது என்பதற்காக இந்த வருஷமும் தெரியும் என்று நம்பாதீர்கள். பொழிவின் தேதி அநேகமாக மாறாது, ஆனால் அதே தேதியில் நிலாவின் வயது, அதாவது அமாவாசை கழிந்து எத்தனை நாள் என்பது, வருஷத்துக்குச் சுமார் 11 நாள் தள்ளிப்போகும். 2025-ல் ஆகஸ்ட் 9 பௌர்ணமி, அதனால் பெர்சீட் உச்சத்தில் தேய்பிறை நிலா விடியும்வரை வானத்தில் இருந்தது. 2026-லோ ஆகஸ்ட் 12 அமாவாசை, முழு சூரிய கிரகணம் நடப்பதே அந்த நாளில்தான்.

அடுத்த தவறு, நிலா எத்தனை சதவீதம் ஒளிர்கிறது என்று மட்டும் பார்ப்பது. ஆப்பில் 50 சதவீதம் என்று காட்டும், ஆனால் அது வளர்பிறை அஷ்டமியா தேய்பிறை அஷ்டமியா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வளர்பிறைப் பாதி நிலா நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும், தேய்பிறைப் பாதி நிலா அந்த நேரத்தில்தான் உதிக்கவே தொடங்கும். பெரும்பாலான பொழிவுகளில் எரிகற்கள் அதிகம் விழுவது நள்ளிரவுக்கு அப்புறம், ஏனென்றால் பூமி ஓடும் திசைக்கு நாம் இருக்கும் பக்கம் அப்போதுதான் திரும்புகிறது. ஆக, சதவீதம் ஒன்றுதான், ஆனால் ஒன்றில் நல்ல நேரம் முழுக்க இருட்டு, இன்னொன்றில் அதே நேரம் முழுக்க வெளிச்சம். ஜெமினிட் மட்டும் விதிவிலக்கு: வட அரைக்கோளத்தில் இரவு 9, 10 மணிக்கே விழத் தொடங்கிவிடும், எனவே தேய்பிறையிலும் நிலா வருவதற்குள் ஓரளவு பார்த்துவிடலாம்.

பாதி நிலா என்றதும் கைவிடுவதும் தவறு. பாதி நிலாவின் வெளிச்சம் பௌர்ணமி வெளிச்சத்தில் பாதி இல்லை, சுமார் பத்தில் ஒரு பங்குதான்.

உச்ச நாளே பௌர்ணமியாக இருந்தால், நிலா தேயட்டும் என்று காத்திருந்து நாலு நாள் கழித்துப் போவார்கள். நான் எப்போதும் சொல்வது, போவதானால் முன்னாடி போங்கள். பௌர்ணமிக்கு நாலைந்து நாள் முன்பு நிலா பின்னிரவில் மறைந்து, விடிவதற்கு முன் கொஞ்ச நேரம் நல்ல இருட்டு கிடைக்கும். பௌர்ணமிக்கு அப்புறம் அது விடியும்வரை போகாது. பெர்சீட் நாள்கணக்கில் நீள்வதால் இது சரிப்படும், சில மணி நேரமே உச்சம் இருக்கும் ஜனவரியில் வரும் குவாட்ரான்டிட் பொழிவுக்கு இந்த வழி உதவாது.

மணிக்கு 100 விழும் என்ற செய்தியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எரிகற்கள் புறப்படுவதாகத் தோன்றும் புள்ளி உச்சந்தலைக்கு நேர் மேலே இருந்து, நிலாவோ விளக்கோ இல்லாத கும்மிருட்டில் பார்த்தால் வரும் கணக்கு அது. நிலா இருந்தால் மங்கலானவை எல்லாம் போய்விடும், மொத்தத்தில் அவைதான் அதிகம்.

நிலா இருக்கும்போதே பார்க்க வேண்டியிருந்தால் அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், முடிந்தால் ஒரு சுவரோ மரமோ அதை மறைக்கட்டும். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும், நடுவில் ஒருமுறை நிலாவையோ போனையோ பார்த்தால் திரும்ப முதலிலிருந்துதான். வானம் எவ்வளவு இருட்டு என்று தெரியவில்லையா? கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பாருங்கள். ஆறும் தனித்தனியாகத் தெரிந்தால் தாராளமாகப் பாய் விரிக்கலாம். வெறும் மங்கலான திட்டாகத் தெரிந்தால் நிலா மறையும்வரை படுத்துத் தூங்கிவிட்டு அப்புறம் எழுந்து வாருங்கள்.