சப்பாத்து வாங்கினால் மட்டும் காணாது

தை பிறந்ததும் எங்கள் பக்கம் குளக்கட்டில் சனம் கூடிவிடும். மாரி விட்டு, மண் காய்ந்து, விடிய ஒரு குளிரும் இருக்கும், ஓடாதவனுக்கும் ஓட ஆசை வரும் காலம் அது. பங்குனி வெயில் தொடங்க, அதே கட்டில் மாடுகளும் இரண்டு ஐயாமாரும்தான் மிச்சம். அந்த இருவரும் பாட்டாச் செருப்போடுதான் வருகிறார்கள்.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் என்னைப்போல முதல் நாளே முழுதையும் செய்யப் பார்த்தவர்கள். வவுனியாவில் சப்பாத்து வாங்கி, அடுத்த நாள் விடிய நாலு கிலோமீட்டர் ஓடினேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் கக்கூசில் குந்தியவன் எழும்ப ஏலாமல் கதவுப் பிடியில் தொங்கினேன், அதற்கு அடுத்த நாள் இன்னும் மோசம். பழகாத தசை அப்படித்தான் நோகும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். அது தெரியாமல் முழங்கால் போய்விட்டது என்று பயந்து சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன், திரும்ப எடுத்தபோது ஒன்றுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பத்து நிமிட நடையோடு தொடங்கியிருந்தால் காணும்.

அடுத்தது, 21 நாள் செய்தால் பழகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்புவது. லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜ் ஆய்வாளர்கள் 96 பேரைப் 12 கிழமை கவனித்து 2010 இல் எழுதியது வேறு கதை. ஒரு பழக்கம் படிய நடுக்கணக்காக 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு அவர்கள் கணித்தபடி 254 வரை. தண்ணீர் குடிக்கிற பழக்கத்தைவிட உடற்பயிற்சிக்கு நாள் கூடவே பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்கள் ஒரு நாள் விட்டால் 'சரி, இனி அடுத்த தைக்குப் பார்ப்போம்' என்று படுத்துவிடுகிறார்கள்.

விடிய அஞ்சு மணிக்கே செய்ய வேண்டும் என்ற பிடிவாதமும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் அந்த நேரம் இருட்டு, மழை, பாம்பு, சில பக்கம் யானையும். தனியாகப் போகிற பெண்ணுக்கு இன்னும் கஷ்டம், அவளிடம் 'மனம் இருந்தால் போதும்' என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மணிக்கூட்டை விட்டு, ஏற்கனவே தவறாமல் நடக்கிற ஒன்றோடு பயிற்சியைக் கட்டுங்கள். பிள்ளையைப் பின்னேரம் ரியூசனுக்கு விட்டுவிட்டு, வாசலில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே ஒரு மணித்தியாலம் போன் பார்க்கிறோமே, அந்த நேரம் போதாதா? மழை நாளுக்கு விறாந்தையில் கதிரையிலிருந்து பத்துத் தரம் எழும்பி இருங்கள், சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டி, கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவோடு, தசைக்கு இரண்டு நாளாவது வேலை கொடுக்கச் சொல்கிறது.

'வயல் செய்கிறவனுக்கு எதுக்கு உடற்பயிற்சி?' இது பாதி உண்மை. அந்த வழிகாட்டியும் தொழிலில் வருகிற அசைவைக் கணக்கில் எடுக்கிறது, மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டுகிறவரை ஓடச் சொல்வது வீண் கதை. ஆனால் இப்போது உழுவது உழவு இயந்திரம், வெட்டுவது மெசின், சந்திக் கடைக்கும் மோட்டார் சைக்கிள். காலபோக அறுப்பு முடிந்து சிறுபோகம் தொடங்கும் வரை உடம்பு எவ்வளவு அசைகிறது என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்.

மழையாலோ காய்ச்சலாலோ மூன்று கிழமை விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம், பாதித் தூரம் போய்த் திரும்புங்கள். நான் இப்போது மதகு வரைக்கும்தான் போகிறேன். ஐயாமார் என்னைத் தாண்டிப் போகிறார்கள்.