பெயர் தெரியாத நோய்க்குப் பயாப்ஸி எடுக்கும் முன்னும் பின்னும்

தாராபுரத்திலோ கோபியிலோ உள்ள ஒரு சிறிய மருத்துவமனையில் எடுக்கப்படும் திசு, பெரும்பாலும் உறவினர் கையிலோ பேருந்துப் பார்சலிலோதான் கோவைக்கு வந்து சேருகிறது. அரிய நோய்கள் தவறிப்போவதற்குக் கருவிகளின் குறையைக் காட்டிலும், அந்தப் பாட்டிலில் என்ன திரவம் இருந்தது, உடன் வந்த படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்பவையே பெரிய காரணங்கள் என்பது நோயியல் துறையில் இருக்கும் என் கருத்து. இவ்விரண்டையும் குடும்பத்தாராலேயே பெருமளவு சரிசெய்ய முடியும்.

முதலில் நோயின் வரலாற்றை ஒரே தாளில், மாத வரிசையில் எழுதுங்கள். எந்த அறிகுறி எப்போது தொடங்கியது, எந்த மருந்துக்குக் குறைந்தது, எப்போது திரும்பியது என்பதோடு தொழிலையும் சேர்க்க வேண்டும். வார்ப்படப் பட்டறை, நூற்பாலை, கோழிப்பண்ணை, மாட்டுத் தொழுவம் ஆகிய ஒவ்வொன்றும் நுரையீரல் திசுவைப் பார்ப்பவரின் சிந்தனையை வெவ்வேறு திசையில் திருப்பும். படிவத்தில் ‘கட்டி’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், பதிலும் அந்த அளவுக்குத்தான் வரும்.

குடும்ப வரலாற்றில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. சொந்தத்தில் திருமணமா என்று மருத்துவர் கேட்டால், ‘இல்லைங்க, வேற கூட்டம்’ (கூட்டம் என்பது கொங்குப் பகுதியில் குலப் பிரிவு) என்ற பதில் சட்டென்று வந்துவிடும். ஒரே கூட்டத்தில் பெண் எடுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் கூட்டம் தந்தை வழியில் மட்டுமே வருவதால், மாமன் மகளும் அத்தை மகளும் அக்காள் மகளும் வேறு கூட்டமாக இருந்தும் இரத்த உறவினரே. மாமன் மகளோடு 1/8 பங்கும் அக்காள் மகளோடு 1/4 பங்கும் மரபணுக்கள் இருவருக்கும் ஒன்றாக அமைகின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே நோயாக வெளிப்படும் ஒரே ஒடுங்கு மரபணுக் குறையைப் பெற்றோர் இருவரும் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அந்நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. ஆகவே மூன்று தலைமுறைக்கு வம்சப் படம் வரைந்து, சிறு வயதில் இறந்த குழந்தைகளையும், கலைந்த கருக்களையும், வலிப்பு கண்டவர்களையும் அதில் குறியுங்கள். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கும்போது இவற்றை மறைப்பது வழக்கம் என்றாலும், மருத்துவரிடமாவது மறைக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது திசு. வழக்கமான பரிசோதனைக்கு 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலின், திசுவின் அளவைப் போல் குறைந்தது 10 மடங்கு, வாய் அகன்ற பாட்டிலில் இருக்க வேண்டும். ஆனால் ஃபார்மலினில் போட்ட திசுவில் கிருமி வளராது; காசநோயோ பூஞ்சையோ என்ற ஐயம் இருந்தால், ஒரு துண்டைக் கிருமி நீக்கிய சலைனில் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். கொப்புள நோய்க்கான தோலுக்கும் சிறுநீரகத் திசுவுக்கும் ஒளிரும் சாயப் பரிசோதனை தேவைப்படுவதால், இன்னொரு துண்டு அதற்குரிய மிஷெல் திரவத்தில் செல்ல வேண்டும். தசைத் திசுவையோ உடனே உறைய வைத்தாக வேண்டும். அந்த வசதி உள்ள ஊருக்குத் திசுவை அனுப்புவதைவிட நோயாளியையே அழைத்துச் செல்வதுதான் சரி. பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டிருந்தால் அதைக் கட்டாயம் தெரிவியுங்கள், ஏனெனில் அது நிணநீர்ப் புற்றுநோயின் அடையாளத்தையே அழித்துவிடக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு. இருபது வயதையொட்டிய பெண்ணுக்குக் கழுத்தில் வலியுடன் நெறிக்கட்டி, காய்ச்சல். ஊசியால் உறிஞ்சி எடுத்ததில் ‘திசு நசிவு’ என்று அறிக்கை வருகிறது. காசநோய் மாத்திரை தொடங்கப்படுகிறது. அந்த நெறிக்கட்டியை முழுதாக எடுத்துப் பார்த்திருந்தால், நசிந்த இடமெங்கும் உட்கருத் துகள்கள் சிதறிக் கிடப்பதும், பிறை வடிவ உட்கரு கொண்ட ஹிஸ்டியோசைட்டுகள் (கழிவை விழுங்கும் செல்கள்) சூழ்ந்திருப்பதும், அங்கு வழக்கமாக எதிர்பார்க்கும் நியூட்ரோபில்கள் (ஒருவகை வெள்ளையணுக்கள்) காணப்படாததும் தெரிந்திருக்கலாம். அது 1972-இல் ஜப்பானில் கிகுச்சியும் ஃபுஜிமோட்டோவும் தனித்தனியே விவரித்த நோய். பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கிவிடும். சிலருக்குப் பின்னாளில் லூபஸ் (நோய் எதிர்ப்பு ஆற்றல் சொந்த உடலையே தாக்கும் நோய்) வரக்கூடும் என்பதால் கண்காணிப்பு மட்டும் தேவை. இதையே நிணநீர்ப் புற்றுநோய் என்று கருதிவிடுவதும் உண்டு. எனவே ஊசிப் பரிசோதனை தெளிவாக இல்லையெனில், முழு நெறிக்கட்டியையும் எடுக்கலாமா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

‘குறிப்பான மாற்றம் இல்லை’ என்ற அறிக்கையோடு தேடல் முடிந்துவிடுவதில்லை. திசு பதிந்திருக்கும் பாரஃபின் பிளாக்கும் (மெழுகுக் கட்டி) ஸ்லைடுகளும் ஆய்வகத்தில் இருக்கும். எழுதிக்கொடுத்துப் பெற்று, வேறொரு நோயியல் மருத்துவரிடம் காட்டலாம். பிளாக் கையில் இருந்தால் புதிதாகச் சீவி வேறு சாயங்கள் ஏற்றலாம். அமிலாய்டு என்னும் இயல்பற்ற புரதப் படிவு சாதாரணச் சாயத்தில் வெறும் இளஞ்சிவப்பாகத்தான் தெரியும். காங்கோ ரெட் சாயம் ஏற்றி முனைவாக்கிய ஒளியில் பார்த்தால்தான் ஆப்பிள் பச்சை நிறம் காட்டும். ஐயத்தை யாராவது எழுதியிருந்தால்தான் அந்தச் சாயம் பெரும்பாலும் போடப்படும்.

மரபணுச் சோதனைக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுங்கள்; முடிந்தால் தாய், தந்தை இரத்தத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ என்று வரும் முடிவை நோயின் பெயராகக் கொள்ளக் கூடாது. விடை கிடைக்காத எக்சோம் (புரதம் உருவாக்கும் மரபணுப் பகுதிகளின்) தரவை ஓரிரு ஆண்டுகள் கழித்து மறு ஆய்வு செய்யச் சொல்லலாம். புதிய மரபணுக்கள் இடையில் கண்டறியப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

நோய் உறுதியானால், 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கையில் இடம்பெற்ற நோய்களுக்கு, சிறப்பு மையங்கள் வழியாக 50 இலட்சம் ரூபாய் வரை உதவி பெறலாம். பெங்களூரு மனித மரபியல் மையமும் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் அத்தகைய மையங்கள். மருத்துவ ஆய்வில் சேரச் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தின் பதிவு எண்ணைக் கேட்டு, இணையத்தில் சரிபார்த்து, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். தசைச் சிதைவு நோய்க்கு ஸ்டெம் செல் ஊசி என்று இலட்சங்களில் பணம் கேட்பவர்களிடமும் முதலில் அந்த எண்ணையே கேளுங்கள்.